ஏழூர் நடை: திருவையாற்றைச் சுற்றி மூன்று நாள்

தஞ்சாவூரில் ஒரு கார் பிடித்தால் திருவையாறும் அதைச் சுற்றியுள்ள ஆறு ஊர்களும் சேர்ந்த சப்தஸ்தானச் சிவத்தலங்கள் ஏழையும் அரை நாளில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். காலை ஆறரைக்குத் திருவையாறு, பன்னிரண்டு மணிக்கு நடை சாத்துவதற்குள் தில்லைஸ்தானம், மதியச் சாப்பாடு தஞ்சாவூர் ஓட்டலில். அது தரிசனம், தவறில்லை. ஆனால் இந்த ஏழு ஊரையும் சேர்த்து வைத்திருப்பது நடைதான். சுவாமியே தோளில் ஏறி, வயலும் ஆறும் தாண்டி இந்த வழியாகத்தான் போகிறார். அதே வழியில் நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தூரம் இங்கே பெரிய விஷயமே இல்லை. மொத்தமாகப் பார்த்தால் 25 முதல் 35 கிலோமீட்டர்தான் வரும். பழக்கப்பட்டவர் ஒரே நாளில் நடந்துவிடுவார். இந்த நடையைத் தீர்மானிப்பவை இரண்டு: ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா, கோயில் கதவு திறந்திருக்கிறதா. இந்த இரண்டுக்கும் ஏற்றபடி நாளைப் பிரித்துக்கொண்டால் மூன்று நாள் சுகமாகப் போகும். இவற்றோடு மல்லுக்கு நின்றால் மூன்று நாளும் வெயிலில் மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கதையும் வரிசையும்

திருவையாற்றில் சிலாத முனிவருக்கு மகனாகக் கிடைத்தவர் நந்தி. அந்த ஊர்ச் சிவனான ஐயாறப்பரே அவரைப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டு, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் திருமழபாடியில் சுயசாம்பிகையைக் கல்யாணம் செய்துவைத்தார். பங்குனிப் புனர்பூசத்தில் அந்தக் கல்யாணம் இன்றும் நடக்கிறது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு, வரன் அமையாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் அங்கே கூட்டமாகப் போய் நிற்பார்கள்.

அந்தக் கல்யாணத்துக்குச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எல்லாம் சீர் கொடுத்தார்களாம். திருப்பழனத்திலிருந்து பழம், திருச்சோற்றுத்துறையிலிருந்து சோறு, திருவேதிகுடியிலிருந்து வேதம் ஓதும் அந்தணர்கள், திருக்கண்டியூரிலிருந்து ஆபரணம், திருப்பூந்துருத்தியிலிருந்து பூ, திருநெய்த்தானத்திலிருந்து ஹோமத்துக்கு நெய். கல்யாணம் முடிந்ததும் சீர் கொடுத்த வீடுகளுக்கு மணமக்களை அழைத்துப்போய் நன்றி சொல்ல வேண்டாமா? சித்திரை மாத விசாகத்தில் ஐயாறப்பர் அதைத்தான் செய்கிறார். மறுவீடு அழைப்பு மாதிரி ஒரு சுற்று. ஊர்களை மேலே சொன்ன வரிசையிலேயே போய்ப் பார்த்து, கடைசியில் திருவையாறு திரும்பவேண்டும். திருநெய்த்தானத்தைப் பேச்சில் எல்லோரும் தில்லைஸ்தானம் என்றுதான் சொல்வார்கள், பஸ் பலகையிலும் அதுதான். திருச்சோற்றுத்துறை பேச்சில் சோத்துத்துறை. வழி கேட்கும்போது இந்தப் பெயர்களில் கேட்டால் சட்டென்று கை நீட்டுவார்கள்.

கும்பகோணம், மயிலாடுதுறை, சக்கரப்பள்ளி போன்ற இடங்களிலும் தனித்தனியாகச் சப்தஸ்தானங்கள் உண்டு. கூகுளில் தேடும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம். நாம் பேசுவது திருவையாற்றுச் சுற்று.

எப்போது போவது

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். திருவையாறு, திருப்பழனம், தில்லைஸ்தானம் மூன்றும் காவிரியின் வடகரை. மற்ற நான்கும் தெற்கே, குடமுருட்டி ஆற்றையும் தாண்டி. ஆக இந்தச் சுற்றில் காவிரியையும் குடமுருட்டியையும் இரண்டு தடவை கடக்க வேண்டும்: திருப்பழனத்திலிருந்து சோற்றுத்துறைக்குப் போகும்போது ஒரு தடவை, பூந்துருத்தியிலிருந்து தில்லைஸ்தானம் திரும்பும்போது ஒரு தடவை. பழைய வழி ஆற்று மணலில் இறங்கித்தான் போகிறது. சித்திரையில் ஆறு காய்ந்து கிடக்கும் என்ற கணக்கில் ஏற்பட்ட வழி அது.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே ஆகும். திறந்த சில நாளில் கல்லணையிலும் திறப்பார்கள், அப்புறம் இங்கே ஆறு ஓட ஆரம்பித்துவிடும். எனவே ஜூன் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை பாலம்தான் வழி. பிப்ரவரி பாதிக்கு மேல் ஆறு வற்றத் தொடங்கும்.

என்னைக் கேட்டால் மாசி மாதம்தான் சரி. பனி போயிருக்கும், அக்னி வெயில் வந்திருக்காது. சம்பா அறுவடை முடிகிற சமயம் என்பதால் வயலில் அறுப்பு மிஷின் ஓடும், வைக்கோல் கட்டு கட்டாகக் கிடக்கும், அறுத்த வயலில் உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். கிராமத்துத் தார்ச்சாலையில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருப்பார்கள். அதன்மேல் மிதிக்காமல் ஓரமாகப் போகவேண்டும். "பாத்துப் போங்க தம்பி" என்று ஒரு குரல் வந்தால் அக்கறை நெல்லின் மேலா நம் மேலா என்று ஆராயவேண்டியதில்லை. அறுவடை லாரிகள் வரும், அதற்கு மட்டும் ஒதுங்கத் தயாராக இருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வரவேண்டாம். பச்சை கண்ணைப் பறிக்கும், வாஸ்தவம்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாது. ஜனவரியில் தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்களில் திருவையாற்றில் இடமே கிடைக்காது. பாட்டு கேட்க வருகிறவர்கள் வரலாம், நடக்க வருகிறவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடலாம்.

ஆற்றில் இறங்குவது பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. கணுக்காலளவு தண்ணீர்தானே என்று தெரியாத இடத்தில் இறங்காதீர்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்குள் தெரியாது, மேலே எங்கேயோ மதகைத் திறந்தால் இங்கே மட்டம் ஏறும். முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும், அதுவும் கரையில் மாடு மேய்க்கிறவரையோ துணி துவைக்கிறவரையோ "அண்ணே, இதுல இறங்கி அந்தப் பக்கம் ஏறலாமா?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். கைபேசி வரைபடத்தை இந்த விஷயத்தில் நம்பக்கூடாது. அது கோடு போட்டுக் காட்டும் இடத்தில் நாணல் புதரும் சீமைக்கருவையும் ஆள் உயரத்துக்கு நிற்கும்.

தங்கல்

திருவையாற்றில் சில விடுதிகள் இருக்கின்றன. வசதி எதிர்பார்த்தால் 11 கிலோமீட்டர் தெற்கே தஞ்சாவூர். மற்ற ஆறு ஊரிலும் தங்க இடம் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். அதனால் மூட்டையை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, தினமும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். தஞ்சாவூர் – திருவையாறு பஸ் அடிக்கடி உண்டு, எல்லாம் கண்டியூர் வழியாகத்தான் போகும். கண்டியூரை மனதில் ஒரு ஆணியாக அடித்துக்கொள்ளுங்கள்: எங்கே களைத்துப்போனாலும் கண்டியூர் வந்துவிட்டால் அறைக்குத் திரும்பிவிடலாம். திருப்பழனம் திருவையாறு – கும்பகோணம் சாலையில் இருப்பதால் அங்கும் பஸ்ஸுக்குக் கவலையில்லை. சோற்றுத்துறையும் வேதிகுடியும் உள்ளடங்கிய ஊர்கள். அங்கே டவுன் பஸ் எப்போதாவதுதான் வரும். கண்டியூரிலோ திருவையாற்றிலோ ஒரு ஆட்டோக்காரரின் நம்பரை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பையில் என்ன

பை எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது. இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி நாலைந்து பாக்கெட், தொப்பி அல்லது குடை, ஒரு துண்டு, டார்ச். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கொஞ்சம் வேண்டும், தட்டில் கியூஆர் கோடு ஒட்டியிருக்க மாட்டார்கள். கையில் ஒரு கம்பு இருந்தால் தெருநாய்கள் மரியாதையாக ஒதுங்கும்.

காலணி விஷயத்தில் ஷூ வேண்டாம். ஏழு கோயில், போதாததற்குப் படித்துறை, மண்டபம் என்று நாள் முழுக்கக் கழற்றி மாட்டவேண்டியிருக்கும். பின்னால் பட்டை வைத்த சாதாரண சாண்டல் போதும், ஆனால் புதிதாக வாங்கிப் போட்டு வராதீர்கள். வெறுங்காலில் நடப்பேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் காலை ஒன்பதரைக்கு மேல் தாரை விட்டு மண் ஓரத்துக்கு வந்துவிடுங்கள். கோடையில் கோயில் வெளிப்பிராகாரக் கல்லும் பதினொரு மணிக்கு அடுப்புக்கல்தான், சாக்குப் படுதா போட்டிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கொப்புளம் வரும்போல் காலில் எரிச்சல் தொடங்கினால் உடனே நின்று தேங்காயெண்ணெய் தடவுங்கள், பிளாஸ்திரி ஒட்டுங்கள். அடுத்த ஊர் வரட்டும் என்று தள்ளிப்போடுவதில்தான் எல்லோருக்கும் கால் போகிறது.

பெண்களுக்கு இந்த வழியில் உண்மையான சிரமம் கழிப்பறை. திருவையாறு பஸ் நிலையம், பெரிய சாலையில் உள்ள ஓட்டல்கள், பெட்ரோல் பங்குகள், இவற்றை விட்டால் உள்ளூரில் ஏதாவது வீட்டில் கேட்பதுதான் வழி. கேட்டால் மறுக்கமாட்டார்கள். சோற்றுத்துறை, வேதிகுடிப் பகுதிக்குள் நுழையும் முன்பே இதற்கு யோசித்துக்கொள்ளவும்.

முதல் நாள்: திருவையாறு, திருப்பழனம், சோற்றுத்துறை

காலை ஐந்தரைக்குத் திருவையாற்றுக் காவிரியின் புஷ்ய மண்டபத் துறையில் தொடங்குங்கள். ஆறு ஓடினால் முழுக்கு, இல்லையென்றால் பார்வை. அங்கிருந்து கோயிலின் தெற்கு வாசலுக்கு வாருங்கள். அங்கே ஆட்கொண்டார் சன்னதி, முன்னால் குங்கிலியக் குண்டம் புகைந்துகொண்டே இருக்கும். ஒரு பொட்டலம் குங்கிலியம் வாங்கிப் போட்டுவிட்டு உள்ளே போவது ஊர் வழக்கம்.

ஐயாறப்பர் கோயிலுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கவேண்டும். மூலவரைச் சுற்றியுள்ள உட்பிராகாரத்தை வலம் வரக்கூடாது. சுவாமியின் சடை அங்கே பரவிக் கிடப்பதாக ஐதீகம், மிதிக்கக்கூடாது. வெளிப்பிராகாரத்தில் வடகைலாயம், தென்கைலாயம் என்று இரண்டு தனிக் கோயில்கள் இருக்கின்றன. வடகைலாயம் முதலாம் ராஜராஜனின் அரசி உலோகமாதேவி எடுத்தது, தென்கைலாயம் ராஜேந்திரனின் அரசி பஞ்சவன்மாதேவி தொடர்புடையது. கார்க்காரர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஓடுவார்கள். அப்பர் என்ற திருநாவுக்கரசர் கயிலைக்கு நடந்து நடந்து, கால் தேய்ந்து, கடைசியில் உடம்பால் உருண்டும் போக முயன்று, இங்கேயே கயிலாயக் காட்சி கண்டார் என்பது புராணம். ஆடி அமாவாசையில் அதற்குத் திருவிழா. நடைப்பயணம் தொடங்க இதைவிடப் பொருத்தமான கோயில் எனக்குத் தெரியவில்லை. தெற்குப் பிராகாரத்தின் மேற்குக் கோடியில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு தடவை எதிரொலிக்கும் என்பார்கள். கூப்பிட்டுப் பாருங்கள், காலையில் கூட்டம் சேர்வதற்குமுன் நன்றாகக் கேட்கும்.

எட்டரைக்குள் டிபன் முடித்துக் கும்பகோணம் சாலையில் கிழக்கே நடக்கவேண்டும். திருப்பழனம் சுமார் 4 கிலோமீட்டர். இந்தச் சாலை எனக்குப் பிடிக்காது. பஸ் உரசிக்கொண்டு போகும், நிழல் விட்டுவிட்டுத்தான் வரும். காவிரிக் கரையை ஒட்டிய லயன்கரைப் பாதை திறந்திருக்கும் இடங்களில் அதைப் பிடித்துக்கொண்டால் வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் துணைக்கு வரும். கொடிக்காலுக்குள் கேட்காமல் நுழையவேண்டாம், செருப்போடு உள்ளே வருவதை அவர்கள் விரும்பமாட்டார்கள்.

திருப்பழனத்தில் ஆபத்சகாயர், பெரியநாயகி. பத்து மணிக்கு வந்துவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம். பெரும்பாலும் நீங்களும் குருக்களும் மட்டும் இருப்பீர்கள். கதவு பூட்டியிருந்தால் மெய்க்காவலரோ குருக்கள் வீடோ எங்கே என்று எதிர்த் திண்ணையில் கேளுங்கள். இந்த ஏழு ஊரிலும் இந்தக் கேள்விதான் சாவி.

இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் திங்களூர். ஏழூர் வரிசையில் இல்லை, நவக்கிரகத் தலங்களில் சந்திரனுக்கு உரியது. ஆனால் நடக்கிறவர்கள் போயே ஆகவேண்டிய ஊர் என்பேன், காரணம் அப்பூதியடிகள். அப்பரைப் பார்க்காமலேயே அவர்மேல் அன்பு வைத்து, பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெயரை வைத்து, வழிப்போக்கர்களுக்குத் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். அந்தப் பந்தலில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அப்பர் அவர் வீட்டைத் தேடிப் போனார். விருந்துக்கு வாழையிலை அறுக்கப்போன பிள்ளையைப் பாம்பு தீண்டியதும், அப்பர் பாடி எழுப்பியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. திருப்பழனத்துப் பதிகத்தில் அப்பூதியின் பெயரை அப்பரே வைத்துப் பாடியிருக்கிறார்.

இனி பன்னிரண்டு முதல் நாலு. எல்லாக் கோயிலும் சாத்தியிருக்கும், வெயிலும் உச்சத்தில். நடக்காதீர்கள். கோயில் வாசல் மண்டபம், குளக்கரை அரசமரம், ஏதாவது ஒரு நிழலில் துண்டை விரித்துப் படுங்கள். கூச்சப்படவே வேண்டாம், இந்த நேரத்தில் ஊரே அதைத்தான் செய்கிறது.

மூன்றரைக்கு எழுந்தால் முதல் பிரிவு வரும். ஆறு காய்ந்திருந்தால் திருப்பழனத்திலிருந்து தெற்கே காவிரியில் இறங்கி ஏறி, நடுவிலுள்ள வயல்களைத் தாண்டி, குடமுருட்டியையும் கடந்து சோற்றுத்துறை. மணலில் நடை பாதி வேகத்துக்குக் குறையும், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடினால் பஸ் ஏறித் திருவையாறு திரும்பி, அன்றைக்கு அத்தோடு முடித்துவிடுங்கள். சோற்றுத்துறை நாளைக்கு.

இரண்டாம் நாள்: சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர்

இந்த மூன்று நாளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பெரிய சாலை கிடையாது, தூரமும் குறைவு. அறையிலிருந்து கண்டியூர் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் கிழக்கே சோற்றுத்துறைக்குப் போய் இறங்கிக்கொள்ளுங்கள். வரிசை மாறாமல் இருக்க இதுதான் வழி. காலை ஏழுக்குக் கோயில் வாசலில் இருந்தால் நல்லது.

சோற்றுத்துறை நாதருக்கு ஓதனவனேஸ்வரர் என்று பெயர், தமிழில் தொலையாச் செல்வர். அம்மன் அன்னபூரணி. பஞ்சகாலத்தில் அருளாளர் என்ற அடியாருக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கொடுத்து ஊருக்கே சோறு போடவைத்தார் என்பது தலக்கதை. காவிரிப் பாசன ஊரில் பஞ்சக் கதையா என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷத்தைப் பார்த்த எந்த விவசாயியும் அப்படிக் கேட்கமாட்டார். கோயிலில் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ராஜராஜன் பெரிய கோயிலை எழுப்புவதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய கை இது. அளவு சின்னது. கோஷ்டத்துச் சிற்பங்களை, அதாவது கருவறை வெளிச்சுவர் மாடங்களில் இருப்பவற்றை, கிட்ட நின்று, கழுத்தை அண்ணாக்காமல் பார்க்கலாம் என்பதே இந்தச் சிறிய கோயில்களின் பெரிய சௌகரியம்.

அங்கிருந்து வேதிகுடி சுமார் 3 கிலோமீட்டர். வாய்க்கால் கரையும் ஊர்ச்சாலையும் மாறி மாறி வரும். பிரிவு வந்தால் கேட்டுக்கொண்டே போங்கள். நடந்தா போறீங்க என்று ஆச்சரியப்படுவார்கள், பைக்கில் கொண்டுவிடட்டுமா என்பார்கள், வேண்டாம் என்றால் கொஞ்சம் வருத்தப்படவும் செய்வார்கள். வேண்டுதல் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். வேதிகுடியில் வேதபுரீஸ்வரர், அம்மன் பெயர் மங்கையர்க்கரசி. கல்யாணத் தடைக்கு வேண்டிக்கொள்ளும் தலம். இந்தக் கோயிலிலும் முற்காலச் சோழர் வேலைப்பாடுதான். ஆள் நடமாட்டம் மிகக் குறைவு, பதினொன்றுக்கே நடை சாத்திவிட வாய்ப்புண்டு. சோற்றுத்துறையில் கூடுதல் நேரம் போய்விட்டால் இடிபடுவது வேதிகுடிதான், அதனால் ஒன்பதரைக்கு அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இந்த இரண்டு ஊரிலும் ஓட்டல் கிடையாது என்று வைத்துக்கொண்டு சோற்றுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சோற்றுத்துறைக்குச் சோற்றுப் பொட்டலத்தோடு போவதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. புளியோதரை கெடாது, தயிர்சாதம் பத்து மணிக்குமேல் புளித்துவிடும். பெட்டிக்கடையில் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் கிடைக்கும். இளநீர் கண்ட இடத்தில் குடித்துவிடுங்கள், அடுத்தது எங்கே என்று தெரியாது.

மதியத் தூக்கம் முடித்துக் கண்டியூர் வந்து சேர்ந்தால் மாலை நடை திறந்திருக்கும். சிவன் வீரம் காட்டிய எட்டு இடங்களான அட்டவீரட்டத் தலங்களில் இது ஒன்று. பிரமனின் ஐந்தாவது தலையைச் சிவன் கொய்த இடம், அதனால் பிரமசிரக்கண்டீஸ்வரர். தலை போன பிரமனுக்கும் இங்கே சரஸ்வதியோடு தனிச் சன்னதி உண்டு. அந்தப் பாவம் சிவனுக்கு எங்கே தீர்ந்தது என்று கேட்டால், பக்கத்திலேயே இருக்கும் அரசாபவிமோசனப் பெருமாள் கோயிலைக் காட்டுவார்கள். அது ஆழ்வார் பாடல் பெற்ற திவ்யதேசம், பாடியவர் திருமங்கையாழ்வார். குற்றம் ஒரு கோயிலில், பரிகாரம் சாலைக்கு அந்தப் பக்கக் கோயிலில். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் நாள்: பூந்துருத்தி, தில்லைஸ்தானம், திருவையாறு

கண்டியூரிலிருந்து மேற்கே திருக்காட்டுப்பள்ளி சாலையில் மூன்று, நான்கு கிலோமீட்டர் நடந்தால் மேலத்திருப்பூந்துருத்தி. புஷ்பவனேஸ்வரர், சௌந்தரநாயகி. உள்ளே நுழைந்ததும் நந்தியைக் கவனியுங்கள். சன்னதிக்கு நேராக இல்லாமல் விலகி இருக்கும். அப்பர் இங்கே மடம் அமைத்துத் தங்கி, புல் செதுக்கிக் கோயிலைச் சுத்தம் செய்யும் உழவாரப் பணி செய்தார். அவர் உழவாரம் செய்த மண்ணை மிதிக்கமாட்டேன் என்று சம்பந்தர் வெளியிலேயே நின்றுவிட, அவருக்குத் தரிசனம் கிடைக்க நந்தி விலகினாராம்.

இன்னொரு கதையும் இந்த ஊரோடு சேர்ந்தது. பாண்டிய நாட்டிலிருந்து திரும்பி வரும் சம்பந்தரை எதிர்கொள்ளப் போன அப்பர், கூட்டத்தில் புகுந்து சம்பந்தரின் சிவிகையைச் சுமக்கிறவர்களில் ஒருவராகத் தோள் கொடுத்தார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்க, உங்களைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று கீழேயிருந்து குரல் வந்தது. அப்பருக்கு அப்போது நல்ல வயது. சம்பந்தர் துள்ளிக் குதித்து இறங்கி வணங்கினார். ஏழூர்ப் பல்லக்கைத் தூக்கி வரும் ஸ்ரீபாதம்தாங்கிகளின் தோள் காய்ப்பைப் பார்த்தால் இந்தக் கதை வேறு மாதிரி மனதில் நிற்கும். கிருஷ்ண லீலா தரங்கிணி பாடிய நாராயண தீர்த்தரின் சமாதியும் இந்த ஊரில்தான் இருக்கிறது. சங்கீதப் பிரியர்கள் அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டாவது பிரிவு. காய்ந்த காலத்தில் பூந்துருத்தியிலிருந்து வடக்கே குடமுருட்டி, அப்புறம் காவிரி, ஏறினால் தில்லைஸ்தானம். தண்ணீர் ஓடினால் வந்த வழியே கண்டியூர் திரும்பி, இரண்டு பாலத்தையும் கடந்து திருவையாறு போய், மேற்கே இன்னும் 2 கிலோமீட்டர். மொத்தம் எட்டு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கண்டியூரைக் கும்பிட்டுவிட்டு இதே கரையில் வந்து நின்றபோது காவிரி இரு கரையும் தொட்டு ஓடியதாம். சுந்தரர் பதிகம் பாட, வெள்ளம் பிரிந்து வழி விட்டது. நமக்குப் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள், அதில் நடப்பதில் ஒரு குறையும் இல்லை. பாலத்தில் மட்டும் வண்டிகளைப் பார்த்து ஒற்றை வரிசையில் போங்கள்.

மதிய ஓய்வைப் பூந்துருத்தியிலேயே முடித்துக்கொண்டு கிளம்பினால் தில்லைஸ்தானத்தில் மாலை பூஜைக்கு இருக்கலாம். நெய்யாடியப்பர், பாலாம்பிகை. சுவாமிக்கு நெய் அபிஷேகம் விசேஷம், வீட்டிலிருந்தே கொஞ்சம் நல்ல நெய் எடுத்துவந்து கொடுப்பவர்கள் உண்டு. அங்கிருந்து திருவையாறு அரை மணி நேர நடை. விளக்கு வைத்த நேரத்தில் மறுபடி ஐயாறப்பரைப் பார்த்து, அறம்வளர்த்த நாயகியிடம் சொல்லிக்கொண்டால் சுற்று பூர்த்தி. வெளியே வந்து சுடச்சுட அசோகா சாப்பிடுங்கள். பாசிப்பருப்பில் நெய் ஊற்றிக் கிளறும் அந்த அல்வா இந்த ஊரின் சொத்து.

பல்லக்கோடு போகிறவர்களுக்கு

சித்திரை விசாகத்தில் விழாவோடு நடப்பது முற்றிலும் வேறு அனுபவம். மூன்று நாள் கணக்கு அங்கே செல்லாது. விடியுமுன் ஐயாறப்பரும் அம்பாளும் கண்ணாடிப் பல்லக்கில் ஏற, நந்தியெம்பெருமானும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கில் பின்தொடர, இரவும் பகலுமாக மறுநாள்வரை போகும். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் சுவாமி பல்லக்கில் எதிர்கொண்டு அழைத்து, அப்புறம் தானும் கூடவே கிளம்பிவிடுவார். அப்படிச் சேர்ந்து சேர்ந்து தில்லைஸ்தானத்தில் ஏழு பல்லக்கும் ஒன்றாக நிற்கும், ஆற்றில் வாணவேடிக்கை விடுவார்கள். திருவையாறு திரும்பியதும் பொம்மை ஒன்று சுவாமிக்குப் பூப்போடும். குழந்தைகளை அதற்கென்றே அழைத்துவருவார்கள்.

விழா நாளில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் கவலையே இல்லை. ஊருக்கு ஊர் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், சாப்பாடு என்று கையைப் பிடித்து இழுத்துக் கொடுப்பார்கள். தூக்கம்தான் இருக்காது. முழுச் சுற்றும் கூடவே நடக்க முடியாதவர்கள், முதல் நாள் காலை திருவையாற்றிலிருந்து சோற்றுத்துறைவரை மட்டும் போய், மறுநாள் மாலை தில்லைஸ்தானத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம். வயதானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பல்லக்குக்கு முன்னால் நடக்காதீர்கள், பக்கவாட்டில் வயல் ஓரமாக நடந்தால் நெரிசலும் இல்லை, ஸ்ரீபாதம்தாங்கிகளுக்கும் இடைஞ்சல் இல்லை. சித்திரையில் மாலை நேரத்துக் கோடை இடியும் உண்டு. மின்னினால் ஆற்று மணலிலும் ஒற்றைப் பனைமரத்தடியிலும் நிற்கவேண்டாம்.

நாலாவது நாள் கிடைத்தால்

கதை தொடங்குகிற திருமழபாடியை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவையாற்றிலிருந்து அரியலூர் சாலையில் வடக்கே போய், திருமானூர்ப் பாலத்தில் கொள்ளிடத்தைக் கடந்து மேற்கே திரும்பவேண்டும். ஒரு முழு நாள் நடை, நிழல் குறைவு. கொள்ளிடப் பாலம் நீளமானது, வெயிலில் அதுவே ஒரு தண்டனை. எனவே காலை எட்டு மணிக்குள் பாலத்தைத் தாண்டிவிடும்படி இருட்டோடு கிளம்புங்கள். வைத்தியநாதர் கோயில், கொள்ளிடத்தின் வடகரை. சுந்தரர் 'பொன்னார் மேனியனே' பாடியது இங்கேதான். பூந்துருத்திக்கு மேற்கே இருக்கும் திருவாலம்பொழிலில் அவர் தூங்கும்போது, மழபாடியை மறந்தாயோ என்று சிவன் கனவில் வந்து கேட்டாராம். மாலையில் தரிசனம் முடித்து, பஸ்ஸில் திருவையாறு திரும்பிப் படுத்துவிட்டு, மறுநாள் விடிகாலை புஷ்ய மண்டபத் துறையில் ஏழூரைத் தொடங்கலாம். பங்குனிப் புனர்பூசத்தன்று மட்டும் இதைச் செய்யாதீர்கள், அன்றைக்குத் திரும்பி வர பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.